ஏழு சுற்று முடிச்சு

போன மார்ச்சில் உறைபனி உடைந்து பனிவண்டியோடு ஏரிக்குள் மூழ்கிப்போன வெண்டெலின் உடல் கிடைக்கவே இல்லை. இந்த டிசம்பரில் ஏரி உறைந்ததும் அவன் மனைவி ஆர்டிஸ், அவன் தம்பி டெல்மரோடு அங்கேயே மீன் பிடிக்கப் போனாள். வீட்டில் இருப்பதும் ஏரியில் இருப்பதும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

கூடாரத்துக்குள் பனியில் இரண்டு துளைகள் போட்டிருந்தார்கள். நாலு மணி வாக்கில் கிராப்பி மீன்கள் கூட்டமாக வந்தன. மீன் காட்டும் கருவியின் திரை முழுக்கச் சிவந்தது. ஆர்டிஸின் தூண்டில் நரம்பை ஒரு மீன் தூண்டில் முள்ளோடு சேர்த்து அறுத்துக்கொண்டு போனது.

"மேல இழு. வேற முள் கட்டித் தரேன்," என்றான் டெல்மர்.

"உன் கையும் விறைச்சுப் போய்த்தான் கிடக்கு."

அறுந்த நரம்பை இழுத்தாள். அறுந்த அந்த நுனியில், அவள் கட்டாத ஒரு பச்சை நிறத் தூண்டில் முள் கட்டியிருந்தது. முடிச்சுக்கு மேல் மிச்ச நரம்பை யாரோ பல்லால் கடித்து விட்டிருந்தார்கள்.

டெல்மர் குனிந்து பார்த்தான்.

"முடிச்சுல எத்தனை சுத்து?"

"ஏழு."

"ஏழெல்லாம் அண்ணன்தான் போடுவான். அஞ்சு போதும்னு சொன்னா கேக்கவே மாட்டான்."

ஆர்டிஸ் நகவெட்டியால் அந்த முள்ளை முடிச்சோடு நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பச்சைக்குத்தான் இன்னைக்குக் கடிக்குது. அத ஏன் வெட்டுற?"

அவள் முள் இல்லாத வெறும் நரம்பை மறுபடியும் துளைக்குள் இறக்கினாள். கையுறையைக் கழற்றிவிட்டு நரம்பை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கு எந்த இழுப்பும் தெரியவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தாள்.