ரமிரோ கைமாறிய மறுநாள்

அமெரிக்காவின் மில்வாக்கியில் குளிர்காலப் பிற்பகலிலேயே வெளிச்சம் மங்குகிறது. உணவகத்தின் ஜன்னலோரத்தில் பஸ் ஓட்டும் லாயிடும் பள்ளி ஆசிரியை மார்னியும் காப்பி ஆறுவதைக் கவனிக்காமல் வாதாடுகிறார்கள். நேற்று அவர்கள் ஊர் பேஸ்பால் அணி, தன் பழைய ஆட்டக்காரன் ரமிரோவைச் சிகாகோ அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு இளம் பந்துவீச்சாளர்களை வாங்கியிருக்கிறது. "நல்லவேளை, தள்ளிவிட்டாங்க. முழங்கால் போன ஆளு. அவன் ஓடி முடிக்கிறதுக்குள்ள பந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடும்," என்கிறான் லாயிட். "போடா. ஒன்பது வருஷம் நமக்காக ஆடினவன். புதுசா வர்ற பசங்க பேராவது தெரியுமா உனக்கு?" "தெரியாது. ஆனா கால் நல்லா இருக்கே." மார்னி சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

கதவு திறக்கிறது. குளிர்காற்றோடு உள்ளே வருவது ரமிரோ. தோளில் மகள் தூங்குகிறாள். வெளியே அவன் கார் நிறையப் பெட்டிகள், கண்ணாடி முழுக்கப் பனி. எல்லா மேசையிலும் தலைகள் அவன் பக்கம் திரும்புகின்றன. வழிக்குச் சூப் கட்டித் தரச் சொல்கிறான். சமையல்காரர் மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துக் கொடுக்கிறார். லாயிட் திடீரென்று எழுந்து, கோட்டுகூடப் போடாமல் வெளியே போய், சட்டைக் கையால் அந்தக் காரின் பனியைத் துடைக்கிறான்.

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்," என்று பின்னாலேயே வருகிறான் ரமிரோ.

"நீங்க பாப்பாவைப் படுக்க வைங்க. அங்க போய் எங்களுக்கு எதிரா மட்டும் அடிச்சிடாதீங்க."

"கண்டிப்பா அடிப்பேன்," என்கிறான் ரமிரோ. இருவரும் சிரிக்கிறார்கள். கண்ணாடி தெளிந்த பிறகும் லாயிட் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.