பதினைந்து சதவீதம்

புகைக்குழாய்க்குள் விட்ட விரல் மசி அப்பிக்கொண்டு வெளியே வந்தது. பிரேமினி அதை மூக்கருகே கொண்டுபோனாள். எரியாத பெட்ரோலின் நாற்றம். மூன்றாவது தடவையும் மெக்கானிக் முகுந்தன் கைவைத்துவிட்டான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோ குடியிருப்பின் கார் பார்க்கில் அவளுடைய பழைய ஸ்விஃப்ட் கறுப்புப் புகையைக் கக்கியபடி நின்றது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சாரைப் பெரிய குழாய்க்கு மாற்றியதிலிருந்து, அதன் அளவுகளை அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள். காற்று இவ்வளவு என்று சென்சார் சொல்வதை நம்பித்தான் எஞ்சின் பெட்ரோலை எடுக்கும். அந்த அளவு பிசகினால் புகைதான்.

ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமை காலைகள் அதற்கே போயின. அவள் ஓட்டுவாள், பக்கத்து சீட்டில் அவள் கணவன் சஞ்சீவ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்களை வாசிப்பான். வரும் சனிக்கிழமை செப்பாங் கார் பந்தயத் தடத்தில் ட்ராக் டே. சஞ்சீவும் அவன் நண்பர்களும் வருஷா வருஷம் தத்தம் காரை ஓட்டிப் பார்க்கப் போவார்கள். இந்த வருஷம் பிரேமினியும் பெயர் கொடுத்திருந்தாள்.

காரிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். வேகமாக ஓடும்போது பயன்படும் எண்கள் அத்தனையும் பதினைந்து சதவீதம் கூட்டப்பட்டிருந்தன. வராத காற்றை வந்ததாக நம்பி எஞ்சின் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தது. மூடியை அடித்துச் சாத்திவிட்டு மேலே போனாள்.

"மறுபடியும் மாத்திட்டான்" என்று மட்டும் சொன்னாள்.

சஞ்சீவ் அவளுக்கும் சேர்த்துக் கோப்பி கலக்கினான். "விடு ப்ரேமி. மூணாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழ நல்லாத்தானே ஓடுது. சனிக்கிழம மெதுவா ஓட்டு, போதும்லா." அந்த ஆளின் முழியே சரியில்லை என்று தனக்கு முதலிலிருந்தே தோன்றியதாகவும் சொன்னான். அவன் காட்டிய பரிவில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முகுந்தனைச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. கிள்ளானில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன். இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலை இல்லை, தன்னிடம் விட்டுவிடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னவன். மூன்று தடவையும் கார் அவனிடம் போய்வந்த பிறகுதான் எண்கள் மாறின. திங்கட்கிழமை பிரேக் மாற்ற விட்டபோது லேப்டாப்பும் காருக்குள்தான் கிடந்தது. அவள் தோற்றுப்போய்த் தன் காலடியில் வந்து விழட்டும் என்று காத்திருக்கிறான். நினைக்க நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று மத்தியானமே அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிள்ளானுக்குப் போனாள். வொர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, புகைக்குழாயைத் துடைத்த டிஷ்யூவை முகுந்தனின் மேஜையில் போட்டாள். எப்போதும் வாயில் வரும் 'அண்ணே' அன்று வரவில்லை.

"இப்படிப் பொழைக்கிறதுக்கு நீங்க பிச்சை எடுக்கலாம்" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். பொம்பளை செய்தால் பொறுக்கவில்லையா என்று கேட்டாள். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள்.

முகுந்தன் குரலை உயர்த்தவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பைக் கேட்டான். ஃபைலைத் திறந்து, கடைசியாகச் சேமித்த தேதியையும் நேரத்தையும் விரலால் காட்டினான். செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு நாற்பது.

"திங்கக்கிழமையே காரையும் இதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே. செவ்வாக்கிழம இது எங்க இருந்துச்சு, சிஸ்டர்?"

அவளுக்குப் பதில் தெரியும். செவ்வாய்க்கிழமை அவள் எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய், ஏழரை மணிவரை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். லேப்டாப் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. கார் கீழே நின்றது.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேஜையில் கிடந்த கறுப்பு டிஷ்யூவை அவளே எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கண்ணே" என்றது அவள் காதுக்கே கேட்கவில்லை. முகுந்தன் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த காரிடம் போனான்.

ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான நெரிசல். நாற்றம் தாங்காமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஊர்ந்தாள். வேறு யாராவது வீட்டுக்கு வந்திருக்கலாம் என்று பெட்டாலிங் ஜெயா வரைக்கும் யோசித்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. சாவி இருந்தது இரண்டு பேரிடம்தான்.

வீட்டில் சஞ்சீவ் சனிக்கிழமைக்காக ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள். "மூணு தடவையும் நீங்கதானா?"

அவன் மறுக்கவில்லை. திடுக்கிடவும் இல்லை. ஹெல்மெட் கண்ணாடியில் ஊதி, துணியால் இன்னொரு தடவை தேய்த்தான்.

"நீ என்னை முந்திக்கிட்டுப் போறத என் ஃப்ரெண்ட்ஸ் பார்க்கணுமா, ப்ரேமி?"