அனுமதி இலவசம்

ஏ.சி. மறுபடியும் ஒழுகத் தொடங்கியிருந்தது.

சுவரோரமாக இறங்கிய தண்ணீர், அரசிதழ்க் கட்டுகள் அடுக்கியிருந்த அடித்தட்டை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் அரசு ஆவணப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. கட்டடத்தில் எது ஒழுகினாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

பிரிவின் நூலகர் துப்புரவு ஆளுக்காக இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றார்கள். வந்தபாடில்லை.

அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு மாணவி. பழைய குடிநீர்த் திட்டம் ஒன்றின் அரசாணையைக் கணினியில் தேடித் தேடிச் சலித்துப்போயிருந்தாள்.

"அரசாங்கக் காகிதத்துக்கு ஆசிரியர் பேரெல்லாம் கிடையாதும்மா. எந்தத் துறை, எந்த வருஷம்? அந்த ரெண்டையும் பிடிச்சா மீதி தானா வரும்" என்றார் நூலகர்.

அவருக்கு மிகவும் பிடித்த வேலை அது. கேட்டு வந்தவரின் முகம் மலரும் வரை விடமாட்டார். பொறுமையில் மேடத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மாணவர்கள் பேசிக்கொள்வது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

அப்போதுதான் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள்.

சாயம் போன உடை. தோளில் துணிப்பை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

"அப்பாடா, வந்தாச்சா? மாப்பு அந்த மூலையில இருக்கு பாரு. சீக்கிரம்மா, கட்டெல்லாம் நனைஞ்சிடப் போகுது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நூலகர் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

முதுகுக்குப் பின்னால் தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிழியும் சத்தம். மறுபடி துடைக்கும் சத்தம்.

சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தார். தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

"அப்படியே அடித்தட்டுத் தூசியையும் தட்டிடு. நாளைக்கு மேலிடத்துல இருந்து ஆளுங்க வர்றாங்க."

அவள் முழங்காலிட்டாள். கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தட்டைத் துடைத்தாள். எடுத்த வரிசை மாறாமல் திரும்ப உள்ளே வைத்தாள்.

இவளையே இந்தப் பிரிவுக்கு நிரந்தரமாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று நூலகர் நினைத்துக்கொண்டார்.

மாணவியின் அரசாணை அகப்பட்டது. போன உயிர் வந்தது போல அவள் சிரித்தாள். நூலகரும் சிரித்தார்.

வாசலில் வாளி உரசியது.

நூலகச் சீருடை போட்ட ஒருவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். "மாடியிலயும் ஒழுகுது மேடம், அதான் லேட்டு. எங்க துடைக்கணும்?"

நூலகர் அவரைப் பார்த்தார். பிறகு தரையில் முழங்காலிட்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

காது மடல் இரண்டும் கொதித்தன.

அந்த அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஈரக் கையை உடையில் துடைத்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே, நாலாக மடித்த நாளிதழ்த் துண்டு.

படகு விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியாகிவிட்டது என்று ஒரு சின்னச் செய்தி. பல்கலைக்கழக நூலகத்தில் பொதுமக்கள் பார்வையிடலாம் என்ற கடைசி வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது.

பார்க்கலாம்தான். இந்த அறைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். அடையாள அட்டை வேண்டாம். கட்டணம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நூலகர் பெருமையாகச் சொல்வது அது.

மன்னிப்புக் கேட்க வேண்டும். சொல் தொண்டை வரை வந்தது. மாணவி பார்த்துக்கொண்டிருந்தாள். வாளிக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல் அங்கேயே நின்றுவிட்டது.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே..."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த அம்மா, தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்தவர் போலத் துடைத்த தரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நூலகர் ஏறக்குறைய ஓடிப்போய் அறிக்கையை எடுத்துவந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"என் பொண்ணு பேரு இருக்கான்னு பாக்கணும். உடம்பு கிடைக்கலைங்கறதால, அவ அந்தப் படகுல ஏறவே இல்லைன்னு ஆஃபீஸ்ல சொல்றாங்க."

நூலகர் பிற்சேர்க்கையைத் திருப்பினார். காணாமல் போனவர்கள் பட்டியல். அந்த அம்மா காகிதத்தைத் தொடும் முன் விரலை இன்னொரு முறை உடையில் துடைத்தார். விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கியது. பக்கத்தின் பாதியில் நின்றது.

அழவில்லை. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

பிரதி எடுத்துத் தருகிறேன், சான்றளித்து முத்திரையும் போட்டுத் தருகிறேன் என்று நூலகர் படபடவென்று சொன்னார். வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். குரல் கெஞ்சுவது போல இருந்தது அவருக்கே கேட்டது.

அந்த அம்மா நிமிர்ந்தார். இதைக் கேட்கலாமா கூடாதா என்று தயங்கினார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல நூலகர் பக்கம் சாய்ந்தார்.

"வெளிய கேட் பக்கத்துல என்னை மாதிரி இன்னும் நாலஞ்சு பேர் நிக்கிறாங்கம்மா. மத்த ஆஃபீஸ்ல கேட்ட காசுக்கெல்லாம் இது எவ்வளவோ பரவாயில்ல. அவங்க ஒவ்வொருத்தரும் இங்க என்னென்ன வேலை செய்யணும்னு சொல்லிட்டீங்கன்னா, கூட்டிட்டு வந்துடறேன்."