கேட் செக்கிங்

ராஜப்பன் ஓசூர் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் செக்யூரிட்டியாக இருந்தவர். மறதி நோய் வந்து பெற்ற மகனின் முகம்கூட மறந்துபோயிற்று. வேலை மட்டும் மறக்கவில்லை. மத்திகிரி வீட்டு கேட்டில் விசிலோடு உட்கார்ந்துகொண்டு, வெளியே போகிறவர்களின் பையைச் சோதனை போடுவார்.

"நான் உம்மவன்ப்பா!" என்று திருமலை ஒருநாள் கத்தினான்.

"மகனாம் மகன்! பைய தொறடா மொதல்ல."

"எதிர்த்துப் பேசாதீங்க. அவர் உலகத்துக்குள்ள நீங்க போங்க" என்றார் டாக்டர். அப்படிப் போகத் தெரிந்தவள் மருமகள் சுஜாதா ஒருத்திதான். அவரிடம் தன்னைக் கம்பெனி மேனேஜர் என்று சொல்லிக்கொண்டாள். அதிலிருந்து மேடம் சொன்னால்தான் சாப்பாடு, மாத்திரை எல்லாம். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தாள். சோதனை முடிந்து போகிறவர் பெயரை அதில் எழுதி, எதிரே 'ஓகே' போடுவார். ரகளை நின்றது.

"தங்கமான மருமக" என்று சொந்தபந்தம் மெச்சியது. இத்தனை வருடப் பொறுமைக்கு பி.எஃப். எல்லாம் கிடையாதா என்று சுஜாதா மனதுக்குள் கேட்டுக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தால், செத்துப்போன மாமியாரின் சங்கிலியைக் காணோம். திருமலையின் பார்வை, பெரியவரைக் குளிப்பாட்ட வரும் மாதேஸ்வரியின் மேல் விழுந்தது.

"மரியாதையா குடுத்துடு. இல்ல, போலீஸுக்குப் போவேன்."

மாதேஸ்வரி அழுதாள். "டெய்லி டிபன் டப்பாவக்கூட தொறந்து காட்டிட்டுத்தான போறேன்! நீயாச்சும் சொல்லுக்கா."

"அவள விடுங்க. நோட்டப் பாருங்க" என்றாள் சுஜாதா.

திருமலை புரட்டினான். மாதேஸ்வரி, ஓகே. பால்காரர் திம்மப்பன், ஓகே. அவனுக்கே தினமும் ஓகே.

"அப்ப சங்கிலி வெளிய போவல. அப்பாதான் எங்கனா ஒளிச்சு வச்சிருக்காரு."

"இந்த நோயில அப்டித்தாங்க."

அரிசி டிரம் வரை தேடினார்கள். சுஜாதா தலையணை உறையைக்கூட உருவிப் பார்த்தாள்.

"உன்னாலதான் தப்பிச்சேன்க்கா" என்று மாதேஸ்வரி சுஜாதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். ராஜப்பன் எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

முப்பது வருட சர்வீஸில் மேனேஜரின் பையை மட்டும் அவர் திறந்து பார்த்ததே இல்லை. மாமியாரின் வளையல்களும் சங்கிலி போன வழியிலேயே கேட்டைத் தாண்டின.