பொட்டல்

வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டு ஒரு போர்க்களம் கிடந்தது. ஆறு, மேடு, விரல் உயரத்தில் இரண்டாயிரம் சிப்பாய்கள், குதிரைகள். இருநூறு வருஷத்துக்கு முன் இதே ஊர் ஆற்றங்கரையில் நடந்த சண்டையை, ராணுவ அருங்காட்சியகத்துக்காகக் கணவர் குட்டியாக வடித்துக்கொண்டிருந்தார். குதிரைகளுக்கு வர்ணம் பூசிப் பூசி மனைவிக்கு முதுகு ஒடிந்தது.

"என்னங்க, ஆத்தோரம் நம்ம தெருவையும் வைங்களேன். அழகா இருக்கும்."

"அட போம்மா! அப்ப இங்க வெறும் பொட்டல். தெருவை வெச்சா அதிகாரி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

ராணுவ அதிகாரி அப்படிப்பட்டவர்தான். வாரம் தவறாமல் அளவு நாடாவும் கையுமாக வந்து, மேட்டின் சரிவையும் ஆற்றின் அகலத்தையும் அளப்பார். சிப்பாய்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அவளுக்கு அதில் தீராத மனத்தாங்கல்.

வேலை முடிந்த அன்று அதிகாரி வாய்விட்டுப் பாராட்டினார்.

"பிரமாதம்! குதிரை, ஆளுங்க எல்லாத்தையும் எடுத்துடுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுங்க இல்லாம என்ன சார் போர்?"

அவர் பையிலிருந்து பச்சை நிறக் குட்டிப் பீரங்கி வண்டிகளை எடுத்து மேட்டின்மேல் வரிசையாக வைத்தார். எல்லாக் குழாய்களும் ஆற்றங்கரையைப் பார்த்திருந்தன.

"இந்தக் காலத்து வண்டியா?" அவள் விடவில்லை. "அப்ப எங்க தெருவையும் வைக்கணுமே சார்! இப்ப அங்க நாப்பது வீடு இருக்கு."

"வேண்டாம்மா," என்றார் அவர், கடைசி வண்டியை நேராக்கியபடி. "பொட்டலாவே இருக்கட்டும். அடுத்த மாசம் அப்படித்தான் இருக்கும்."