கயிறு கட்டிய வீடு

கரையொதுங்கிய வள்ளங்களின் பலகைகளைக் கொண்டே இன்னாசி அந்தத் தீவில் வீட்டைக் கட்டினான். கடைசியாக ஒதுங்கியது அவன் மகன் ஓட்டிப்போன வள்ளம். மகன் வரவில்லை. அதன் முனைப் பலகையான அணியத்தை இன்னாசி வாசலுக்கு மேலே, கடலைப் பார்க்க வைத்து அறைந்தான். உடைந்த வள்ளத்தின் அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பித்தான் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது மறுபடி கடலுக்குக் கிளம்பிவிடும் என்பார்கள். துக்கத்தில் அவனுக்கு அது மறந்துபோயிற்று. அவன் மனைவி சலேத்து கவனித்தாள், ஆனால் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கடல் ஏறும்போதெல்லாம் வீடு லேசாக ஆடியது. உலைத் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. இன்னாசி நங்கூரக் கயிற்றால் வீட்டின் ஜன்னலைப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டினான்.

"பலகையத் திருப்பி அடிச்சிரட்டுமா, சலேத்து?" என்று கேட்டான்.

"வேண்டாம். அவன் போன வழி அதுக்குத்தான தெரியும்."

கடல் வாசற்படி வரை ஏறிவந்த ஒரு காலையில், கயிறு விண்ணென்று இழுபட்டு நின்றது. சலேத்து மூன்று பேருக்குச் சோறு வடித்து மூடினாள். அடுப்பை அணைத்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி முடிச்சைத் தொட்டவள், இன்னாசி தடுப்பான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் வாசலில், அணியத்துக்குக் கீழே, துடுப்போடு நின்றிருந்தான்.