இன்னொரு தடவை

"இன்னொரு தடவை பாடிடலாமா?"

ஹெட்போனில் அக்காவின் குரல் கேட்டதும் பாடகிக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து இதே கடல் பாட்டுதான். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

"எங்கக்கா தப்பு?"

"தப்புன்னு இல்லம்மா. என்னமோ ஒண்ணு குறையுது."

என்ன குறைகிறது? அதை மட்டும் சொல்ல மாட்டாள் புண்ணியவதி.

அக்கா நடத்துவது மூன்றே அறை உள்ள பாட்டுக் கம்பெனி. பெரிய கம்பெனிகள் எல்லாம் "குரல்ல பிசிறு இருக்கு" என்று கதவைச் சாத்திய பிறகு, "பிசிறு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், உயிர் இருக்குல்ல" என்று கூப்பிட்டவள் இந்த அக்காதான். முதல் ஆல்பம். இது அதில் கடைசிப் பாட்டு. யார் பாடினாலும் முதல் டேக்கிலேயே ஓகே சொல்பவள் என்று பெயரெடுத்தவள், இன்று மட்டும் இந்த இழு இழுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? தெரியாத்தனமாகக் கூப்பிட்டுவிட்டோமே என்று முழிக்கிறாள். வேறென்ன!

கம்பெனியில் ஒரு வழக்கம். இங்கே பாட்டுகள் பதிவாகும் நாளெல்லாம், பக்கத்து அறையில் ஓவியர் அதைக் கேட்டுக்கொண்டே அட்டைப்படம் வரைவார். கடைசிப் பாட்டுக்கு இங்கே ஓகே விழுந்தால், அங்கே தூரிகை கீழே. அதற்குமேல் ஒரு கோடு போடக் கூடாது. அரைகுறையாக நின்ற படம்கூட அப்படியே அட்டையில் ஏறியிருக்கிறது.

மறுபடி பாடினாள்.

"இன்னொரு..."

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நேரே போய் அக்கா முன்னால் நின்றாள்.

"பிடிக்கலைன்னா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிடுங்கக்கா. நான் போயிடறேன். எனக்கு என் குரல் மேல இருந்த நம்பிக்கையே போச்சு."

அழுதேவிட்டாள்.

அக்கா பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அடி அசடே! உன் முதல் டேக்கே ஓகேடி. காலையிலயே எடுத்து வெச்சாச்சு."

"பின்ன?"

"மெதுவாப் பேசு. ஓவியர் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம போச்சுல்ல, அதுலேர்ந்து கை நடுங்குது. முன்ன மாதிரி வேகம் இல்ல. கூட ரெண்டு நாள் எடுத்துக்கோங்கன்னா ரோஷம். 'எனக்காக வழக்கத்தை மாத்தினா இந்தப் பக்கமே வரமாட்டேன்'னுட்டார். இங்கேர்ந்து கண்ணாடி வழியா பாக்கறேன், படம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு, ஆனா இன்னும் தூரிகையைக் கீழ வைக்கல. படம் பாதியில நின்னா, இனி நம்மால முடியாதுன்னு உட்கார்ந்துடுவாருடி. அதான் பழியைத் தூக்கி உன் தலையில போட்டேன். தப்புதான்."

பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் திரும்பிப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பாடினாள். பாதியில் வேண்டுமென்றே தாளத்தைத் தவறவிட்டாள்.

"அய்யய்யோ, விட்டுட்டேனே! இன்னொரு தடவை பாடறேன்க்கா."

பக்கத்து அறைக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

அதையும் பாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள், ஓவியர் அறையை எட்டிப் பார்த்தாள்.

படம் முழுக்கக் கடல். கோடுகள் நடுங்கி நடுங்கி, நிஜமாகவே அலை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மூலைகூட மிச்சமில்லை. ஓவியர் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் தூரிகை. அதில் வண்ணம் காய்ந்து கட்டியாகியிருந்தது.

"எப்பண்ணே முடிச்சீங்க?"

"நீ காலையில முதல் தடவை பாடினப்பவே முடிஞ்சுதும்மா. இந்தக் கை நடுக்கத்துக்கும் ஒரு வேலை கிடைச்சுது பாரு" என்று சிரித்தார்.

"அப்புறம் ஏன் இன்னும் தூரிகையைக் கீழ வைக்கல?"

ஓவியர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் காதுக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்துது. ஆனா அக்காவே திருப்பித் திருப்பிக் கேக்கறாங்கன்னா, பாவம், உனக்கு இன்னும் சரியா வரல போல. நான் இதைக் கீழ வெச்சா, 'படம் முடிஞ்சாச்சு, சீக்கிரம் பாடு'ன்னு உன்னை விரட்டுவாங்க. நீ பதறாம பாடும்மா. எவ்வளவு நேரமானாலும் நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."